மறுபடி எண்ணக் கூடாது

"செத்த குட்டி நெத்தியில நீலப் பெயின்ட் வெச்சுட்டு நகருங்கடா! நேத்து செத்ததையே மறுபடி மறுபடி எண்ணியிருக்கீங்க" என்று கத்தினாள் நைரி. கடல் சிங்கக் குட்டிகளை எண்ண அந்தத் தீவுக்கு வந்தவர்கள் அவளையும் சேர்த்து மூன்றே பேர்.

அன்று கரை முழுக்கச் சாவு. ஆண் சிங்கங்கள் சண்டையில் நசுக்கிப்போட்ட குட்டிகளுக்கெல்லாம் லாக்லன் பெயின்ட் வைத்துக்கொண்டே வந்தான். கூடவே டமாட்டி.

"போன வருஷம் உன் படகுலேர்ந்து விழுந்தப்ப என் தம்பி கத்தினது உனக்குக் கேக்கலையாடா?" என்றான் லாக்லன்.

"கேட்டுச்சு. அதுக்குப் படகைத் திருப்பி நானும் சாகவா? நீச்சல் தெரியாத பயலை ஏன்டா அனுப்பினே?"

சிங்கங்களை விரட்டும் தடி டமாட்டியின் பின்மண்டையில் இறங்கியது. அவன் விழுந்த பிறகும் லாக்லன் நிறுத்தவில்லை. மூச்சு அடங்கியதும் உடலைச் சிங்கங்களுக்கு நடுவே உருட்டிவிட்டான். ஒன்று தோளைக் கவ்விக் குதறியது.

"நைரி! சிங்கம் டமாட்டியைக் கொன்னுடுச்சு!"

ஓடிவந்த நைரி சிங்கங்களை விரட்டிவிட்டுப் பிணத்தைப் புரட்டினாள்.

"நீ கிட்டப் போனியா?"

"எங்க போறது? மேட்டுலேர்ந்து பாத்தேன். போயிருந்தா என்னையும் கொன்னிருக்கும்."

"அப்ப இதை யாருடா வெச்சது?"

டமாட்டியின் நெற்றி நடுவே, குட்டிகளுக்கு வைத்தது போலவே, நீலப் பொட்டு.