பன்னிரண்டு வோல்ட்

ரேடியோ மெக்கானிக் அருளானந்தின் மேசையில், ரேடியோக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை சில நாட்களாகப் பயந்து போயிருந்தது. அதில் இணைத்த ரேடியோ எல்லாம் பாதிப் பாட்டில் நின்றுவிடும். தனக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்று அதற்குத் தெரியும். சொன்னால் காயலான் கடையில் போட்டுவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

அன்றும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வந்து அதன் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தது.

"எப்படி இருக்கே?"

"பன்னிரண்டு வோல்ட்."

பொய்யில்லை. அந்த நேரத்தில் அதில் எந்த ரேடியோவும் இணைத்திருக்கவில்லை; அதன் மேல் எந்தப் பாரமும் இல்லை.

"உனக்கு ஒண்ணுமில்லே. ரேடியோக்கள்தான் சரியில்லே" என்றது மல்டிமீட்டர். மூன்று நாளாக அது சொல்லிவரும் தீர்ப்புதான்.

அருளானந்து யோசித்துவிட்டு, மேசை ஓரத்தில் கிடந்த பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து இணைத்தார்.

"நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றது பல்ப். "உன் மேல கொஞ்ச நேரம் சாஞ்சுக்கறேன், அவ்வளவுதான்."

சாய்ந்தது. மல்டிமீட்டரில் பன்னிரண்டு ஒன்பதாகி, ஆறாகியது. பவர் சப்ளையால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

அருளானந்து மூடியைக் கழற்றினார். உப்பிப்போயிருந்த கன்டென்சரை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். காயலான் கடைப் பேச்சே எழவில்லை.

மறுநாள் காலை மல்டிமீட்டர் மறுபடியும் வந்தது.

"இப்ப எப்படி இருக்கே?"

"பல்பையும் கூட்டிட்டு வா" என்றது பவர் சப்ளை. "அப்புறம் கேளு."