மூன்றாம் அத்தியாயம்

பழைய ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகத்து இயந்திரம் மறுபடி படித்துவந்த காலம் அது. நடுவில் வேறொருவர் எழுத்து நடை தெரிந்தால் பட்டம் ரத்து. ஓய்வுபெற்ற பேராசிரியர் தனராஜின் சான்றிதழை வாங்கிப் போக நாகர்கோவில் வீட்டுக்கே அதிகாரி வந்திருந்தார்.

“மூணாம் அத்தியாயம் உங்க நடை இல்ல சார். யாரு எழுதினது?”

தனராஜ், காப்பி கொண்டுவந்த மனைவி எப்சிபாவைக் காட்டினார்.

“இவதான். நான் என் பேரப் போட்டுக்கிட்டேன்.”

அதிகாரி நிமிர்ந்தார். “அம்மா என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம் கல்யாணம் ஆச்சு, நின்னுட்டேன்.”

“அப்ப உங்களுக்கும் பட்டம் தர வழியில்லம்மா” என்றபடி அவர் சான்றிதழை உறைக்குள் வைத்தார்.

கணவர் வாயால் அந்த உண்மையைக் கேட்க எப்சிபா முப்பது வருடம் காத்திருந்தாள். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. கால் வலித்தது. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.