தண்ணீர் விட்ட பிறகு

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில், பழைய இரும்புக் கடை முற்றத்தில், கதவுகளைக் கழற்றிய வெள்ளை மாருதி கார் வெயிலில் நிற்கிறது. அதை வெட்டப்போகும் கேஸ் கட்டர் இன்னும் பற்றவைக்கப்படாமல் தள்ளிக் கிடக்கிறது. கடைக்காரர் மாரீஸ்வரன் ரப்பர் குழாயை இழுத்து வந்து காருக்குள் தண்ணீர் பாய்ச்சுகிறார். “உடைக்கிற வண்டியக் களுவி என்னப்பா செய்யப்போற?” என்கிறார், காரைப் போட வந்திருக்கும் பட்டாசுக் கம்பெனி முதலாளி ராஜபாண்டியன். “நம்மூரு வண்டியக் களுவாம நெருப்புக் காட்ட மாட்டேன் அண்ணாச்சி. வெடிமருந்து கிருந்து ஏத்துனீகளா?” “வீட்டு வண்டிப்பா. மக ஹர்ஷினியப் பள்ளிக்கூடத்துல விட, கூட்டியார, அம்புட்டுத்தான்.” மாரீஸ்வரன் பின்சீட்டின் இடுக்கில் குழாயைச் செருகுகிறார். கதவில்லாத பக்கமாக வழியும் தண்ணீர் முதலில் புழுதி நிறத்தில் வருகிறது. பிறகு வெள்ளியாகப் பளபளக்கிறது. மத்தாப்புக்குச் சேர்க்கும் அலுமினியத் தூள். நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. ராஜபாண்டியன் செருப்புக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். “சீசன்ல ஆர்டர் நெருக்கும்போது ஒரு ரெண்டு நடை,” என்கிறார் தண்ணீரைப் பார்த்தபடியே. மாரீஸ்வரன் குழாயை இன்னும் உள்ளே தள்ளுகிறார். இடுக்கிலிருந்து ஒரு அரைப் பென்சில் மிதந்து வந்து ராஜபாண்டியனின் காலடியில் ஒதுங்குகிறது. ஹர்ஷினி கடித்த பல்தடத்திலும் வெள்ளி அப்பியிருக்கிறது.