இனிக்குது பாருங்க

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் பொய்தான் என்று முனகிக்கொண்டே படப்பிடிப்பில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார் இருளாண்டி. போதைக்கு அடிமையான காதலர்கள் கதையாம். ஆதனும் மிருணாவும் சோடியாக நடித்தார்கள். அந்தப் பெண் மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. கேட்டால், "இந்த வேஷத்துக்கு மெலியணும் தாத்தா" என்றது. டீத் தம்ளரை வாங்கும்போது விரல்கள் நடுங்கின. கேமரா ஓடாத நேரத்தில் யாருக்காக நடிக்கிறது இந்தக் கை?

மறுநாள் காலை, காட்சிக்கென்று வைத்திருந்த வெள்ளைப் பொடியை ஒரு பொட்டலம் விடாமல் பிரித்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ் பெருசு, அது குளுக்கோஸுய்யா!" டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வச்சிருக்கிறவன் வேற என்னத்தச் சொல்லுவான்?"

ஆதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மிருணா சிரிக்கவில்லை. கீழே கிடந்த தாளில் ஒட்டியிருந்த மிச்சத்தை விரலால் தொட்டு, அவர் முன்னாலேயே நாக்கில் வைத்துக் காட்டினாள்.

"சத்தியமா குளுக்கோஸ்தான் தாத்தா. இனிக்குது பாருங்க."

இருளாண்டி அந்தத் தாளை வெடுக்கென்று பிடுங்கிக் கசக்கினார். மடியிலிருந்து இலையில் சுற்றிய இரண்டு இட்லியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"முதல்ல எல்லாம் இனிக்கத்தான் செய்யும், கழுத. தின்னு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் அடுப்படியை நோக்கி நடந்தார்.