இலை மேல் பழி

“இனிமே பாப்பாவுக்கு மாத்தே குடுக்கக் கூடாதும்மா.”

டாக்டர் ரெனாத்தா இதைச் சொன்னபோது அவர் கையிலேயே, டீ மாதிரி மாத்தே இலை ஊறும் சுரைக் குடுக்கை இருந்தது. சொல்லிவிட்டு அதில் செருகியிருந்த குழலில் வாய் வைத்து நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

எலீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மடியில் யானினா சாய்ந்து கிடந்தாள். இரண்டு வயது. ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோதுகூட அழவில்லை. அதுதான் தாய்க்குப் பயம். எலீதாவுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்பவும் குறைவு என்றார் டாக்டர். இன்னும் இறங்கினால் ஒபெரா நகர ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமாம். பால்புட்டியில் மாத்தே காய்ச்சி ஊற்றிக் கொடுத்ததுதான் வினையாம்.

வினையாம்!

இந்த மிசியோனெஸ் மாகாணத்தில் காய்ச்சிய மாத்தே குடிக்காமல் வளர்ந்த குழந்தை எது? சட்டியில் இலையும் சர்க்கரையும் போட்டு, மேலே ஒரு நெருப்புக் கங்கைப் போட்டுக் கருக்கி, தண்ணீர் ஊற்றி வடிகட்டினால் தெருவே மணக்கும். எலீதா அதைக் குடித்துத்தான் ஆளானாள். அவள் புருஷன் இரேனியோ அதைக் குடித்துவிட்டுத்தான் இலை மூட்டையை முதுகில் ஏற்றி லாரிவரை சுமக்கிறான். சர்க்கரை தீரும், எண்ணெய் தீரும்; இலை மட்டும் இந்த ஊரில் எந்த வீட்டிலும் தீராது. நேற்றுத்தான் தலைநகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் அதைப் போய்க் குறை சொல்கிறார். அதுவும் அதையே குடித்துக்கொண்டு!

மேசைமேல் இருந்த டாக்டரின் மாத்தே பாக்கெட்டை எலீதா எடுத்தாள். திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“படிச்சவங்கதானே, இதைப் படிங்க டாக்டரம்மா. இரும்புன்னு போட்டிருக்கான். மெக்னீசியம், பொட்டாசியம், துத்தநாகம், இன்னும் என்னென்னமோ போட்டிருக்கான். பொய்யா எழுதியிருக்கான்? பொய்யின்னா அவனைப் போய்க் கேளுங்க. இலை வெட்டுறவதான் உங்களுக்கு இளிச்சவாயா?”

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் காத்திருந்தவர்கள் ஒரே குடுக்கையைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு நின்றது.

“அப்படிக் கேளுடி எலீதா!” என்று ஒரு குரல் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. அதுவே எலீதாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பொய் இல்லம்மா. இலையில சத்து இருக்கு. ஆனா தண்ணியில இறங்கி வர்றது கொஞ்சூண்டு. அதோட மாத்தேவுக்கு ஒரு குணம் உண்டு. சாப்பாட்டோட சேர்த்துக் குடிச்சா, சாப்பாட்டுல இருக்கிற இரும்பை உடம்புல சேர விடாது. கறி குடுங்க, பீன்ஸ் குடுங்க. ஆனா அதோட இந்தப் புட்டி வேணாம்.”

“அப்ப நீங்க மட்டும் குடிக்கலாமாக்கும்?”

“நான் எப்பவோ சாப்பிட்டுட்டேனே.”

டாக்டர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

எலீதா டாக்டர் சொன்னதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. முகம் தெளிந்தது. யானினாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சாப்பாட்டோட சேர்ந்தாத்தானே கெடுதல்?”

“ஆமா. இரும்பைத் தடுக்கும்.”

“சேராட்டி?”

“சேராட்டி அங்க தடுக்கறதுக்கு என்ன இருக்கு?” டாக்டர் குடுக்கையை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். “அதான் கேக்கறேன். புட்டியோட பாப்பா என்ன சாப்பிடறா?”

எலீதா குரலை உயர்த்தினாள். பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும், யார் மேல் பழி போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

“ஒண்ணும் இல்ல டாக்டரம்மா! இலை வெட்டு முடிஞ்சு கூலி நின்னு, கொல்லையில இருந்த மரவள்ளியும் தீர்ந்ததுலேர்ந்து புட்டி மட்டுந்தான். காலையில அது, மத்தியானம் அது, ராத்திரியும் அதேதான். அதோட கறியும் சேரல, பீன்ஸும் சேரல, ஒரு துண்டு ரொட்டிகூடச் சேரல.”

இந்தத் தடவை திரைக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரின் பேனா எழுதாமல் நின்றது. எலீதா விடுவதாக இல்லை.

“இப்பச் சொல்லுங்க. தப்பு இலை மேலயா?”