மனுவில் பிழை

நோயாளிகளைச் சேர்க்கக் கோரி இணையத்தில் வரும் மனுக்களைச் சரிபார்க்கும் மென்பொருளின் புதிய பதிப்பு, ஆஸ்பத்திரி சர்வரில் பாதி நிறுவும்போதே நின்றுவிட்டது. அது சார்ந்திருக்கும் குட்டி நிரல் ஒன்றுக்கு, எழுதியவரின் சம்மதம் வேண்டுமாம். பழைய பதிப்பை அவசரப்பட்டு முன்னாலேயே அழித்திருந்தார்கள். நிரலை எழுதியவள் பரிமளா. ஆஸ்பத்திரி நிர்வாகி குலசேகரன் அவள் வீட்டுக்கே வந்தார்.

"நீங்க ஓகே பண்ணாதான் கேட் திறக்கும்மா. மனுவைச் சரிபார்க்காம அது யாரையும் உள்ள விடாது. என்னைப் பெத்தவளே வெளிய ஆம்புலன்ஸ்ல கெடக்கா."

போன ஆடியில் பரிமளாவின் கணவனும் அதே கேட்டுக்கு வெளியேதான் கிடந்தான். அவள் அனுப்பிய மனுவில் பிழை இருப்பதாக மென்பொருள் திரும்பத் திரும்ப நிராகரித்தது. எங்கே பிழை என்று கெஞ்சியபோது, "அதைச் சொல்ற வழக்கம் இல்லம்மா, திருத்திட்டு வாங்க" என்றார் குலசேகரன். திருத்தி முடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

"எனக்கு ஒரு மனு அனுப்புங்க சார்" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து போனில் எழுதி அனுப்பினார். வரிவரியாகப் படித்தாள். ஒரு பிழைகூட இல்லை.

"பிழை இருக்கு சார்."

"எந்த இடத்துலன்னு சொல்லுங்கம்மா."

"அதைச் சொல்ற வழக்கம் இல்ல" என்று லேப்டாப்பை மூடினாள். "திருத்திட்டு வாங்க."