லிப்பிஸ் எங்கே இருக்கிறது?

விரலை எங்கே வைப்பது என்று பொன்னுதுரைக்குத் தெரியவில்லை.

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு பரீட்சை இருக்கும் என்று தரகர் மூச்சுவிடவில்லை. கேசரி தின்றாயிற்று, கோப்பி குடித்தாயிற்று, பெண்ணையும் பார்த்தாயிற்று. பார்த்ததில்தான் வம்பே. இந்தப் பெண் இல்லையென்றால் வேறு பெண்ணே வேண்டாம் என்று கேசரி முடிவதற்குள் அவன் தீர்மானித்துவிட்டான்.

எதிரே சுவரில் மலாயா தொங்கியது.

பெண் சாரதாம்பாள், மலாக்காவில் காஜா பெராங் தமிழ்ப் பள்ளிக்கூட டீச்சர். மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறது, இனிமேல் பிள்ளைகள் சொந்த நாட்டைப் படிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த, துணியில் அச்சடித்த தேசப்படம் அது. கோடுகளும் புள்ளிகளும் மட்டும்தான். ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. பெயரைப் பிள்ளைகள் சொல்ல வேண்டுமாம்.

பாடம் தயார் செய்ய அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய தாய்மாமா மாணிக்கவாசகம் அதை ஹாலில் ஆணியடித்து மாட்டி, மாப்பிள்ளைகளைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்.

மாமாவின் ஆத்திரம் ஊருக்கே தெரியும். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியைச் சொன்ன அன்று முன்வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவர் அவர். "மெட்ராஸ் புத்தகத்தப் படிச்சிட்டு கங்கை எங்க, காசி எங்கன்னு ஒப்பிக்கிறானுங்க. சொந்த ஊரு எங்க இருக்குன்னு காட்டத் தெரியாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

அவருக்கே மலாக்கா ஒன்றுதான் எங்கே என்று தெரியும். மருமகள் அங்கே சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

போன மாதம் பினாங்கிலிருந்து ஒரு ஆபீஸ் கிராணி வந்தார். நல்ல சம்பளம், நல்ல உயரம். "கல்யாணத்துக்கப்புறம் டீச்சர் வேலை எதுக்கு, வீட்டைப் பார்த்துக்கிட்டாப் போதும்" என்று சொல்லி மாமாவின் மனத்தைக் குளிரவைத்தார். பினாங்கைக் காட்டச் சொன்னதும் படத்தில் ஓரிடத்தைத் தொட்டார். டீச்சர் தப்பு என்றாள். அவ்வளவுதான், தாம்பூலம் வாங்காமலே பஸ் ஏறினார்.

"உங்க ஊரு கோலா லிப்பிஸ் எங்க இருக்கு? காட்டுங்க தம்பி," என்றார் மாமா மறுபடியும்.

பொன்னுதுரை ரயில்வேக்காரன். கெமாஸிலிருந்து லிப்பிஸ்வரை எந்த ஸ்டேஷனுக்கு அப்புறம் எந்த ஸ்டேஷன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவை துணியில் எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்றுதான் தெரியாது. அவன் படித்த ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு படம் இருந்தது. அது இந்தியா. தஞ்சாவூரைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருப்பான்.

"ஐயா, எங்களுக்கு வாத்தியாரு சொல்லிக்குடுத்தது காவேரி மட்டுந்தான்," என்றான். "இப்ப எங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்கு அதுவும் இல்ல. வாத்தியாரு இல்லாம பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு. ஒரு டீச்சர் வந்தா..."

அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருந்தது. கூட வந்திருந்த அவன் அக்கா பாக்கியம், போதும் என்பதுபோல் தொண்டையைக் கனைத்தாள்.

"அது கெடக்கட்டும். வெரல வையுங்க."

வடக்கு என்றால் மேலே. லிப்பிஸ் வடக்கே. அவனிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். வந்தது வரட்டும் என்று மேலே, இடது பக்கம் ஒரு புள்ளியைத் தொட்டான்.

மாமா படத்தைப் பார்த்தார். பொன்னுதுரையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல மருமகளைப் பார்த்தார்.

குசினி வாசலில் நின்றிருந்த சாரதாம்பாள் கிட்டே வந்தாள். பிள்ளைகளின் சிலேட்டைப் பார்ப்பதுபோல் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

"சரியாத்தான் காட்டியிருக்காரு, மாமா."

"அப்படிப் போடு!" என்று மாமா தொடையில் தட்டினார். "இவருதான்யா நம்ம மலாயாக்காரரு!" தாம்பூலத் தட்டை எடுக்க அவர் உள்ளே ஓட, சந்தோஷம் தாங்காமல் பாக்கியமும் பின்னாலேயே போனாள்.

சாரதாம்பாள் படத்தை ஆணியிலிருந்து இறக்கினாள். இனிமேல் அதற்கு ஹாலில் வேலை இல்லை. அடிப்பக்கக் கம்பை அவனிடம் கொடுத்துவிட்டு மேலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்குன்னு சொன்னது நெசமா?"

"நெசம்."

"அப்ப இதே மாதிரி ஒரு படம் வாங்கணும். மொதல்ல உங்களுக்கு."

பொன்னுதுரைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான்தான் சரியாக் காட்டினேனே?"

"நீங்க தொட்டது அலோர் ஸ்டார். இன்னும் கொஞ்சம் மேல போயிருந்தா சயாம்லதான் குடித்தனம்."

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான். உள்ளே மாமா வெற்றிலையைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒருத்தர்கூடவா இதுவரைக்கும் சரியாக் காட்டல?"

சாரதாம்பாள் சுருட்டி முடித்துவிட்டாள். இரண்டு கம்புகளும் ஒன்றையொன்று தொட்டன. அவள் நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"பினாங்குக்காரரு காட்டினாரு."